தண்ணீர் மேலேறும் மலை

எங்கள் பக்கத்தில் மேடு என்றால் வரப்பு. அதைவிடப் பெரிய மேடு என்றால் ஆற்றங்கரை. அதற்கும் மேலே அண்ணாந்து பார்க்க வேண்டுமென்றால் மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயில் கோபுரம்தான். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே பிறந்து வளர்ந்த எனக்கு, ஐந்தாம் வகுப்புச் சுற்றுலாவில் திருச்சி மலைக்கோட்டையைப் பார்க்கும் வரை மலை என்பது காலண்டர் முருகனுக்குப் பின்னால் தீட்டியிருக்கும் நீலக் கோடு, அவ்வளவுதான்.

மலை இல்லையே என்று எங்கள் ஆட்கள் சும்மாவும் இருக்கவில்லை. மண்ணையும் கல்லையும் போட்டுத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுவாமிமலை அறுபடை வீடுகளில் ஒன்று; பெயரில்தான் மலை, ஆள் கட்டிய கட்டுமலை அது. தமிழ் வருஷங்கள் அறுபதுக்கும் ஆளுக்கொன்றாக அறுபது படி. யானை ஏற முடியாதபடி கோச்செங்கட்சோழன் கட்டினான் என்று சொல்லும் மாடக்கோயில்கள் வேறு அங்கங்கே இருக்கின்றன. ராஜராஜன் 1010-இல் முடித்த தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குத் தட்சிணமேரு என்றே பேர், 216 அடி. மேருவையே செய்து ஊருக்குள் வைத்துக்கொண்டவர்களுக்கு நிஜ மலை எதற்கு?

அந்த எதற்கு என்ற கேள்வியோடுதான் நானும் நாற்பது வயது வரை இருந்தேன். 2023 ஜூனில் சித்தப்பா திருச்சிக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் வீட்டில் நான்கு நாள் தங்கினார். அதில் ஒரு நாள் குளித்தலைக்குப் பக்கத்தில் இருக்கும் அய்யர்மலை.

சித்தப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். டெல்டாவுக்கு வெளியே இந்தச் சொல் எத்தனை பேருக்குத் தெரியுமோ. ஆறு பிரியும் இடத்துக்கும், ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்துக்கும் தலைப்பு என்று பேர். அங்கே ஷட்டர்களை ஏற்றுவது இறக்குவது, கேஜில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து ஆபீசுக்குச் சொல்வது, மழை ராத்திரியில் கரை கசிகிறதா என்று டார்ச்சோடு நடப்பது, தண்ணீர் குறைந்து ஊருக்கு ஊர் மாற்றி விடும் முறைப்பாசனம் வைத்தால் இரண்டு ஊர்க்காரர்களிடமும் திட்டு வாங்குவது, இதெல்லாம் லஸ்கர் வேலை. கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் மறுபடி வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும். சித்தப்பா வேலை பார்த்ததெல்லாம் அதற்கும் கீழே, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பக்கம். தலைமடைக்காரன் குளித்து முடித்த தண்ணீர்தான் நமக்கு வரும் என்பார்.

மலை ஏறாத மனுஷன் என்று அவரைச் சொல்லிவிடலாம், ஆனால் சரிவு தெரியாதவர் என்று சொல்ல முடியாது. ஒரு வயலைப் பார்த்து எந்த மூலை இரண்டு விரல் தாழ்வு என்று சொல்லிவிடுவார். எங்கள் ஊரில் எல்லாச் சண்டையும் அந்த இரண்டு விரலில்தான். ஒருநாள் ராத்திரி மொட்டைமாடியில் உட்கார்ந்து நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். திருச்சி கடல் மட்டத்தைவிட 88 மீட்டர் உயரம். அங்கிருந்து பூம்புகார் ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 83 மீட்டர். அதாவது திருச்சியைத் தாண்டிய காவிரி கடலில் விழுகிற வரைக்கும் மொத்தமாக இறங்குவதே ஒரு மலைக்கோட்டை உயரம்தான். கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சொச்சம். அந்த அரை மீட்டரை நம்பித்தான் இத்தனை லட்சம் ஏக்கர்.

"அப்ப மேலேருந்து பாத்தா ஆறு ஓடுறது தெரியுமா, நிக்கிற மாதிரி இருக்குமா?" என்று கேட்டார் சித்தப்பா.

எனக்குத் தெரியவில்லை. மலைக்கோட்டையிலிருந்து பார்த்தால் காவிரியோடு பாலமும் கட்டடங்களும்தான் கண்ணில் அடிக்கும். ஊர் இல்லாத இடத்தில் ஏறிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அவர் அந்தப் பழைய வசனத்தை எடுத்தார்: காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருவீங்கிநாதர். குளித்தலை கடம்பவனநாதரைக் காலையிலும், அய்யர்மலை ரத்தினகிரீஸ்வரரை உச்சியிலும், காவிரிக்கு வடகரையில் திருஈங்கோய்மலை மரகதாசலேஸ்வரரை அந்தியிலும் ஒரே நாளில் பார்ப்பது விசேஷம். சித்தப்பாவின் அம்மா, அதாவது என் பாட்டி, போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்து போகாமலே போய்ச் சேர்ந்தாள்.

இந்த ஏற்பாட்டைச் செய்த பெரியவர்கள் மலையில் வெறுங்காலோடு ஏறிப் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம். மூன்றில் பெரிய ஏற்றம் அய்யர்மலை. 1017 படி. அதைப் போய் உச்சி வெயிலுக்கு வைத்திருக்கிறார்கள். கார்த்திகைச் சோமவாரத்தில் கூட்டம் அலைமோதும். அப்போது வெயிலும் தாழ்ந்திருக்கும். நாங்கள் போனது ஜூன் பாதியில். அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயிலுக்கு அது தெரியவில்லை. ஆனால் சித்தப்பாவுக்கு வேறு காரணம் இருந்தது. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்திருந்தார்கள். அணையில் 103 அடி இருந்தது. மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாளாவது ஆகும். "இன்னிக்கு நேத்திக்குள்ள குளித்தலையைத் தாண்டியிருக்கும். ஓரிரு நாள்ல கல்லணையைத் தொறந்துருவான். அதுக்கு முன்னால பாத்துரணும்" என்றார். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே சொன்னார்.

பைக்கில் விடியற்காலை நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். கரூர் சாலை காவிரியின் தென்கரையை ஒட்டியே போகும். ஜீயபுரம், பெருகமணி, பெட்டவாய்த்தலை. ஒரு பக்கம் வாழை, இன்னொரு பக்கம் வாழை. நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் போதும். எங்களுக்கு ஒன்றே முக்கால் ஆயிற்று. வாய்க்கால் பாலம் வந்தால் தோளைத் தட்டுவார், நிறுத்த வேண்டும். முக்கொம்புக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்து மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனதே, அந்த இடம். ஆர்தர் காட்டன் 1836-இல் தொடங்கிக் கட்டிய அணை. சித்தப்பாவின் கை ஷட்டர் பிடித்த கை. யாரோ உறவுக்காரர் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர் மாதிரி இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு, "போ" என்றார். பெட்டவாய்த்தலையில் உய்யக்கொண்டான் தலைப்பைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "ஆயிரம் வருசத்து வாய்க்கா. இன்னமும் ஓடுது பாரு."

கடம்பர் கோயிலைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஆற்றங்கரைக் கோயில், வடக்குப் பார்த்த சந்நிதி, காசி மாதிரி. மூலவருக்குப் பின்னால் சப்த மாதர்கள். தரிசனம் முடிந்து காப்பி குடித்துவிட்டுத் தெற்கே மணப்பாறை சாலையில் திரும்பினோம். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர்.

அந்த எட்டு கிலோமீட்டரில்தான் நான் முதல்முறையாக டெல்டாவின் ஓரத்தைப் பார்த்தேன். வாழைத் தோட்டம், நெல் வயல், வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் கண்ணெதிரே குறைந்துகொண்டே வந்து, ஒரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சட்டென்று பனைமரமும் சீமைக்கருவேலும் ஆகிவிட்டது. நஞ்சை முடிந்து புஞ்சை. அங்கே வரப்பு இல்லை, வேலி இருந்தது. சித்தப்பா பின்னால் உட்கார்ந்துகொண்டு இரண்டு முறை திரும்பிப் பார்த்தது கண்ணாடியில் தெரிந்தது.

மலை அதற்குள் தெரிய ஆரம்பித்துவிட்டது. சமதரையில் ஒற்றையாக, துணைக்கு இன்னொரு குன்றுகூட இல்லாமல், யாரோ கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன மாதிரி மொட்டைப் பாறை. உச்சியில் கோபுரம் குங்குமச் சிமிழ் அளவுக்கு. எனக்கு வயிற்றில் லேசாகக் கலக்கியது.

இந்த இடத்தில் என் செருப்புக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மலை ஏறுவதற்கென்றே ஒரு ஜோடி ஷூ வாங்கியிருந்தேன். விலையைச் சொன்னால் வீட்டில் படிப்பார்கள். கணுக்காலைப் பிடிக்கும், வழுக்காது, அடியில் பல் பல்லாக இருக்கும். அடிவாரத்தில் இறங்கிய பிறகுதான் உறைத்தது: இது கோயில் மலை. ஷூவைக் கழற்றி விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். சித்தப்பா ரப்பர் செருப்பை உதறிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் ஷூ லேஸ் அவிழ்வதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஏழே முக்காலுக்கு முதல் படி. படிகள் ஒன்று போல ஒன்று இருக்காது. சில அரையடி, சில முழங்கால் வரைக்கும் தூக்க வைக்கும். படி ஒன்றுக்குச் சராசரி அரையடி என்று வைத்தாலும் ஐந்நூறு அடி ஆகிறது. பெரிய கோயில் விமானத்தை இரண்டாக அடுக்கி அதன்மேல் ஒரு தென்னை மரத்தையும் நட்ட உயரம். முதல் இருநூறு படியை நான் விறுவிறுவென்று ஏறினேன். ஜிம்மில் டிரெட்மில்லில் ஓடுகிறவன் இல்லையா. இருநூற்று முப்பதாவது படியில் காதுக்குள் இதயம் அடித்தது. ஒரு மண்டபத்து நிழலில் உட்கார்ந்துவிட்டேன். கால் வலிக்கவில்லை, மூச்சுதான் போதவில்லை. கொஞ்ச நேரத்தில் சித்தப்பா அதே நடையில் வந்து, நிற்காமல், "எந்திரிச்சு வா, உக்காந்தா சூடு எறங்கிரும்" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

அவர் ஏறுவதை அப்புறம்தான் கவனித்தேன். நேராக ஏறவில்லை. படியின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு, அங்கிருந்து இடதுக்கு, கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து போனார். முழுக் காலும் படியில் பதிந்த பிறகே அடுத்த காலை எடுத்தார். ஆற்றங்கரைச் சரிவில் ஏறும் நடை அது. மழை நேரத்தில் களிமண் கரையில் நேராக ஏறினால் வழுக்கிவிடும். முப்பத்தைந்து வருஷம் கரையில் ஏறி இறங்கிய கால்களுக்கு இதுவும் ஒரு கரை, கொஞ்சம் உயரமான கரை. நானும் அப்படியே போய்ப் பார்த்தேன். தூரம் கூடியது, மூச்சு அடங்கியது. பேச முடிகிற வேகத்தில் ஏறு என்று மலையேறுகிறவர்கள் சொல்வார்கள். சித்தப்பா வெற்றிலை மெல்லுகிற வேகத்தில் ஏறினார்.

வெற்றிலை என்றதும் நினைவு வருகிறது. நானூறாவது படிக்கு மேல் குரங்குகளின் ராஜ்ஜியம். என் தோள்பையைத் தொடவில்லை. சித்தப்பாவின் மடியில் இருந்த சுருக்குப்பையை ஒன்று லாவகமாக உருவிக்கொண்டு போய்ப் பாறைமேல் உட்கார்ந்தது. பாக்கைக் கடித்துத் துப்பியது. வெற்றிலையை மோந்து பார்த்து ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டது. சுண்ணாம்பு டப்பியைத் திறந்து விரலை விட்டு, நக்கி, ஒரு முகம் காட்டியது பாருங்கள், அந்த முகத்தை எங்கள் பெரிய மாமாவிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பை கீழே விழுந்தது. சித்தப்பா எடுத்துத் தட்டி மடியில் சொருகிக்கொண்டு, "கும்பகோணம் கொழுந்துடா, அதுக்கு எங்கே தெரியும்" என்றார்.

நான் படி எண்ணிக்கொண்டு வந்தேன். அறுநூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை தப்பியது. தப்பியதற்குக் காரணம் ஒரு குடம்.

எங்களுக்குக் கீழே படியில் ஒரு ஒழுங்கான காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் நாற்பத்தைந்து ஐம்பது வயதுக்காரர் ஒருவர், தோளில் சும்மாடு, அதன்மேல் பித்தளைக் குடம், வாய்க்கு மேல் துணி கட்டியிருந்தது. சுவாமி அபிஷேகத்துக்குக் காவிரித் தண்ணீர். ஆற்றிலிருந்து மலை அடிவாரம் எட்டு கிலோமீட்டர், அப்புறம் இந்த 1017 படி. சித்தப்பா சட்டென்று ஒதுங்கி, பாறையோடு ஒட்டி நின்று வழி விட்டார். குடம் எங்களைத் தாண்டும்போது துணி நனைந்து ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டது. அது விழும் என்று பார்த்தேன். விழவில்லை. அவர் உடம்பு இடுப்புக்குக் கீழேதான் ஏறியது. இடுப்புக்கு மேலே சமதரையில் நின்றுகொண்டிருந்தது.

அவர் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் சித்தப்பா நகரவில்லை.

"ஏன்டா தம்பி, முப்பத்தஞ்சு வருசம் தண்ணிகூட இருந்தேன். எறங்கித்தான் பாத்திருக்கேன். தண்ணி மேல ஏறிப் போறதை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

அந்த மலையின் கதையே தண்ணீர்க் கதைதான். ஆரிய நாட்டு அரசன் ஒருவன் கிரீடத்து மாணிக்கத்தைத் தொலைத்துவிட்டு இங்கே வந்தானாம். சிவன் அந்தணர் வேஷத்தில் வந்து, ஒரு கொப்பரையைக் காட்டி, காவிரித் தண்ணீரால் இதை நிரப்பு, மாணிக்கம் தருகிறேன் என்றாராம். அரசன் கொண்டுவந்து கொண்டுவந்து ஊற்றியும் கொப்பரை நிறையவில்லை. கோபத்தில் வாளை ஓங்கி வெட்டினான். அந்தணர் மறைந்தார், லிங்கத்தின் முடியில் வெட்டு விழுந்தது. அதனால் சுவாமிக்கு முடித்தழும்பர் என்று பேர், ஊருக்கு வாட்போக்கி என்று பேர். அப்பர் பாடிய திருவாட்போக்கி இதுதான். இந்தக் கதையை ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து நான் சொன்னேன். சித்தப்பா பக்தியோடு கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்தக் கொப்பரை கடைமடைல இருந்திருக்கும். எவ்வளவு விட்டாலும் நெறையாது."

கடைசி நூற்றைம்பது படி செங்குத்து. அங்கே நான் எதையும் யோசிக்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டு போனேன். ஒன்பதே காலுக்கு மேலே இருந்தோம். அபிஷேகத் தண்ணீர் கொண்டுவந்தவர் மதில் நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அரை மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, "சம்பளம்" என்றார்.

உச்சி பூஜை வரைக்கும் காத்திருக்க வேண்டும். நேரம் நிறைய இருந்தது. இங்கே காகம் பறக்காது, காகம் பறவா மலை என்றே பேர். நான் தேடினேன், பருந்து ஒன்று வட்டமிட்டதைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அப்புறம் வடக்கு மதில் பக்கம் போனோம். நாங்கள் வந்த வேலை அங்கேதான்.

எட்டு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் காவிரி. கரூர்ப் பக்கம் மாயனூரிலிருந்து முக்கொம்பு வரைக்கும் அகண்ட காவிரி என்று சொல்வார்கள். சொல்லிக் கேட்டதுதான், இவ்வளவு அகலம் என்று மனசு ஒத்துக்கொண்டதில்லை. ஒரு மாபெரும் மணல் வெளி, வெயிலில் வெளுத்து. அதில் தென்கரை ஓரமாக ஒரு ஈயப் பட்டை, நடுவில் இரண்டு நூல். அதுதான் மேட்டூர்த் தண்ணீர். நகர்கிறதா, நிற்கிறதா என்று தெரியவில்லை. சித்தப்பா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையைக்கூட அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்க மாட்டார்.

"நிக்கிற மாதிரிதான் இருக்கு" என்றார் கடைசியில்.

மற்ற ஆறுகள் கிளையாறுகள் சேரச் சேர அகலமாகிக் கடலுக்குப் போகும். எங்கள் காவிரி நேர்மாறு. இங்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. முக்கொம்பில் கொள்ளிடத்துக்குக் கொடுத்து, கல்லணையில் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் கொடுத்து, அப்புறம் அரசலாறு, வீரசோழன் என்று வழியெல்லாம் பங்கு போட்டு, பூம்புகாரில் கடலைத் தொடும்போது ஒரு வாய்க்கால் அளவுக்கு மெலிந்திருக்கும். நான் சின்ன வயசில் பூம்புகாரில் அதைப் பார்த்துவிட்டு இதுவா காவிரி என்று அப்பாவிடம் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் ஒற்றைச் சேலையோடு போகிற கிழவி என்று அன்று அப்பா சொன்னார். அந்தக் கிழவியின் கல்யாணக் கோலத்தை இந்த மலையிலிருந்துதான் பார்த்தேன்.

ஆனால் சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தது ஆற்றை மட்டுமல்ல. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓடிய பச்சையை. தென்கரை வாய்க்காலும் கட்டளை மேட்டு வாய்க்காலும் எட்டுகிற தூரம் வரைக்கும் கரும்பச்சை, அப்புறம் கத்தியால் நறுக்கிய மாதிரி ஒரு கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் செம்மண். தெற்கே திரும்பினால் தோகைமலை, மணப்பாறை வரைக்கும் பழுப்பு. நடுநடுவே காய்ந்த குளம், தனித் தனிப் பனை.

"இவ்வளவுதானாடா?" என்றார்.

"என்னது சித்தப்பா?"

"பச்சை."

ஊருக்குள் இருந்து பார்த்தால் அடிவானம் வரைக்கும் வயல்தான். உலகமே நஞ்சை என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். மேலேயிருந்து பார்த்தால் அது ஒரு ஜரிகைக் கரை. புடவை முழுக்கப் பழுப்பு. கொஞ்ச நேரம் கழித்துச் சித்தப்பா கையை நீட்டி, மேஸ்திரி மட்டம் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஆற்றையும் அடிவாரத்துப் புஞ்சையையும் மாறி மாறிப் பார்த்தார். "இவனுக்கு ஆறு எட்டு கிலோமீட்டர்ல ஓடுது. நமக்கு நூறு கிலோமீட்டருக்கு அந்தாண்ட. ஆனா தண்ணி நமக்கு வருது, இவனுக்கு வரலை. ஏன் சொல்லு?"

"இது மேடு."

"மேடுன்னா என்ன மேடு? ஒரு பத்து ஆள் உசரம் இருக்குமா? அதுக்காக இவன் வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கான். நாம கடைமடை கடைமடைன்னு கத்திக்கிட்டு இருக்கோம்." அத்தோடு நிறுத்திக்கொண்டார். வேலையில் இருந்தபோது கடைமடைக்காகச் சாலை மறியலில் நின்றவர்களோடு தானும் சீருடையோடு நின்றவர் அவர். பேச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

டெல்டா எது என்பதிலேயே எத்தனை தகராறு. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் அதில் இல்லை. இங்கே ஏன் சேர்க்கவில்லை என்று அப்போது கேட்டார்கள். மேலே நின்று பார்த்தபோது எனக்கு அந்தக் கோடு சட்டப் புத்தகத்தில் இல்லை, அந்த வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது என்று பட்டது. குளித்தலை வாழைக்காரனைக் கேட்டால் நான் டெல்டா இல்லாமல் வேறு யார் என்பான்.

பன்னிரண்டு மணிக்கு உச்சி பூஜை. ரத்தினகிரீஸ்வரர், அம்பாள் சுரும்பார்குழலி. அந்தக் குடத்துத் தண்ணீர் முடித்தழும்பின் மேல் விழுந்தபோது சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாட்டியின் பேருக்கு அர்ச்சனை செய்தோம்.

இறங்கியது பன்னிரண்டே முக்காலுக்கு. என் முட்டாள்தனங்களில் முதலிடம் இதற்குத்தான். கருங்கல் படி, ஜூன் வெயில், வெறுங்கால். முதல் முப்பது படியில் உள்ளங்கால் தோசைக்கல்லில் விழுந்த மாவு மாதிரி ஆயிற்று. மண்டபம் கண்ணில் பட்டால் ஓடுவேன், நிழலில் நின்று ஊதிக்கொள்வேன், மறுபடி ஓடுவேன். வெயிலில் ஏறுகிறவர்கள் ஒரு ஜோடி பழைய காலுறையைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்களாம். கீழே வந்த பிறகு தேங்காய்க் கடை அம்மா சொன்னார். சித்தப்பா என்ன செய்தார்? துண்டைக் குடிதண்ணீரில் நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, அதே நடையில், படிக்குப் படி, ஒன்றும் ஆகாதவர் போல இறங்கினார். மே மாதத்துக் கப்பிச் சாலையில் தார் உருகும்போது நடந்த கால்.

சூடு போதாது என்று முழங்காலும் சேர்ந்துகொண்டது. ஏறும்போது நெஞ்சுக்கு வேலை, இறங்கும்போது முட்டிக்கு வேலை. இறங்குகிறபோது ஒவ்வொரு படியிலும் உடம்பின் முழு எடையையும் தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்கிப் பிடிக்கிறது. அதில்தான் அதன் இழைகள் சின்னச் சின்னதாய்க் கிழிகின்றன. மறுநாளும் அதற்கு மறுநாளும் கழிப்பறையில் உட்கார முடியாமல் போனது ஏறியதால் இல்லை, இறங்கியதால். எண்ணூறாவது படிக்கு மேல் பக்கவாட்டில் திரும்பி, நண்டு மாதிரி இறங்கினேன். 2024 ஜூலையில் இந்த மலைக்கு ரோப் கார் வந்துவிட்டது. நல்லது. என் அம்மா மாதிரி ஆட்கள் பார்க்கலாம். அன்று இருந்திருந்தால் நான் வெட்கமில்லாமல் ஏறியிருப்பேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மூன்றாவது மலை என் கணக்கில் இல்லை. குளித்தலையில் சாப்பிட்டு, முசிறிப் பாலம் தாண்டி, ஐந்து மணிக்குத் திருஈங்கோய்மலை அடிவாரத்தில் பைக்கை நிறுத்தினேன். அகத்தியர் ஈ உருவெடுத்துப் போய்ச் சுவாமியைப் பார்த்த மலை. இது ஐந்நூறு படிதான். என் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். "நீ இரு, நான் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்" என்று சித்தப்பா கிளம்பிவிட்டார். அறுபத்தாறு வயது. நான் புதுக் காலணியின் லேஸைக்கூடக் கட்ட முடியாமல், அதை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் தோளைத் தட்டினார். நிறுத்தினேன். மேலேயிருந்து ஈயப் பட்டையாகத் தெரிந்தது கீழே சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. நுரையும் காய்ந்த சருகும் முன்னால் போயின. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒரு சருகைத் தேர்ந்தெடுத்து, அது தூணுக்குத் தூண் போகும் நேரத்தை வாய்க்குள் எண்ணினார். பிறகு போனை எடுத்து, தான் வேலை பார்த்த தலைப்பில் இப்போது இருக்கும் பையனைக் கூப்பிட்டார். "தம்பி, தண்ணி முசிறியைத் தாண்டிருச்சு. ஷட்டருக்கு கிரீஸ் போட்டியா? அப்புறம் மூணாவது ஷட்டர் தொண்டையில பிடிக்கும், பாத்துக்க."

அந்த வருஷம் தண்ணீர் போதவில்லை. பருவமழை கைகொடுக்கவில்லை, கர்நாடகத்தோடு வழக்கமான இழுபறி, மேட்டூர் மட்டம் இறங்கிக்கொண்டே போனது. குறுவை பல இடங்களில் கருகியது. வழக்கமாக ஜனவரி 28 வரை திறந்திருக்க வேண்டிய அணையை அக்டோபர் 10-ஆம் தேதியே மூடினார்கள். அன்று சாயங்காலம் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். எங்கள் வயலில் சம்பாவுக்கு நாற்று விடுவதா வேண்டாமா என்று பேச்சு. மழையை நம்பித் தெளிக்கலாம் என்றார். மழையை நம்பி என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

வைக்கப் போகும்போது, "ஏன்டா, அந்த மலைல கொடம் தூக்குறாரே, அவரு இன்னமும் ஏத்துறாரா?" என்று கேட்டார்.

"ஏத்துவாரு சித்தப்பா. சாமிக்குத் தண்ணி நிறுத்துவாங்களா."

"அவருக்கு இன்னும் முறை வைக்கலை போல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.